அம்மாவுக்குத் தண்ணீர் விளாவியது நான்தான்

கண்ணு,

ஃபிராங்க் மேல் எழுதி வைத்திருக்கும் புகாரை இன்னும் அனுப்பவில்லை என்று நேற்று ஃபோனில் சொன்னாய். அனுப்பாதே. அம்மாவின் முதுகு வெந்துபோனதற்கு அந்தப் பிளம்பர் காரணமில்லை. பாய்லரோடு இணைத்து அவர் வைத்துக் கொடுத்த டேங்க்கும் காரணமில்லை. குழாயில் திடீரென்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்துவிட்டது என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய். குழாயிலிருந்து அன்றைக்கு அவள் மேல் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. பக்கெட்டில் வெந்நீரை விளாவி, கையை விட்டுக் கலக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லி, மொண்டு ஊற்றியது நான்தான்.

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னோடு பேச ஆரம்பித்தால் பாதியில் நானும் இங்கிலீஷுக்குப் போய்விடுகிறேன். இங்கிலீஷில் எனக்கு எல்லாமே ‘சின்ன இஷ்யூ’ ஆகிவிடும். நீயும் ‘ஓகே ப்பா, டேக் கேர்’ என்று அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்றதை வைத்து நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், முதல் பக்கம் தாண்டுவதற்குள் உனக்குக் கொட்டாவி வந்துவிடும். நிவேதாவை உரக்கப் படிக்கச் சொல். மதுரையில் பள்ளிக்கூடம் படித்த பெண், தடங்கல் இல்லாமல் படிப்பாள். அவளும் இதைக் கேட்டாக வேண்டும். மருமகள் வாயால் இதையெல்லாம் படிக்க வைக்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், வெட்கத்தைப் பார்த்தால் காரியம் நடக்காது.

முதலில் டேங்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் எடிசன் வீட்டு பேஸ்மென்ட்டில் பழைய கேஸ் பாய்லர் இருக்கிறதே, அது குளிர்காலத்துக்கு மட்டும்தான். தண்ணீரைக் காய்ச்சி, எல்லா ரூமிலும் சுவரோரமாக ஓடும் குழாய்களில் சுற்றவிட்டு வீட்டைச் சூடாக்கும். குளிக்கிற வெந்நீருக்குத் தனியாக ஒரு ஹீட்டர் மூலையில் நின்றது. போன இலையுதிர் காலத்தில் அதன் அடிப்பாகம் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. உன் ஹைஸ்கூல் ட்ராஃபிகள் இருந்த அட்டைப்பெட்டி நனைந்து கூழாகிவிட்டது என்று அம்மா உன்னிடம் அழுதாள், ஞாபகம் இருக்கும். நீ சன்னிவேலில் இருந்தபடியே நாலு பேரிடம் விசாரித்து ஃபிராங்கைப் பிடித்தாய். ‘உங்கள் பாய்லர் நல்ல நிலையில் இருக்கிறது, அதற்கு எதற்கு கோடைகாலம் முழுக்க லீவு? அதிலிருந்தே வெந்நீருக்கும் ஒரு கிளை எடுத்துவிடலாம்’ என்று ஃபிராங்க் சொன்னார். நீ வீடியோ காலில் இருந்தாய். நான் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஃபிராங்கின் தோளுக்குப் பின்னால் கல்யாண வீடியோக்காரன் மாதிரி அலைந்தேன்.

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது, அதுதான் கொடுமை. புது டேங்க்குக்குள் ஒரு குழாய் சுருண்டு கிடக்கிறது. பாய்லர் தண்ணீர் அந்தச் சுருளுக்குள் ஓடித் திரும்பிவிடும். நாம் குளிக்கிற தண்ணீர் சுருளுக்கு வெளியே நின்று அந்தச் சூட்டில் காயும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. டேங்க்குக்கென்று ஒரு பம்ப். டேங்க் ஆறிப்போனால் பாய்லர், ரூம்களைச் சூடாக்குவதை நிறுத்தி வைத்துவிட்டு முதலில் டேங்க்கைக் கவனிக்கும். டேங்க்கில் இருக்கும் தண்ணீர் கையைப் பொசுக்கிவிடும் சூட்டில்தான் இருக்கும், அதை அப்படியே மாடிக்கு அனுப்ப முடியாது. அதனால் வெளியே வரும் குழாயில் ஒரு கலப்பு வால்வு. அது பச்சைத் தண்ணீரைச் சேர்த்து, நூற்றிருபது டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கித்தான் மேலே விடும். டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனபின், ஃபிராங்க் அந்த வால்வின் தலையில் விரலை வைத்து, என்னைப் பார்த்து ஒரு தடவை, ஃபோனில் இருந்த உன்னைப் பார்த்து ஒரு தடவை சொன்னார்: “திஸ் ஒன், நோபடி டச்சஸ்.” நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். நானும் தலையாட்டினேன்.

ஃபிராங்குக்குத் தெரியாத ஒரு விஷயம், நாம் பக்கெட் ஆட்கள். அவர் கணக்கில் குழாயில் வருவதுதான் குளிக்கிற தண்ணீர். நம் கணக்கில் அது கச்சாப் பொருள். கொதிக்கிற தண்ணீரைப் பாதி பக்கெட் பிடித்து, பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையால் கலக்கிப் பார்த்து, இன்னும் ஒரு சொம்பு, இன்னும் அரைச் சொம்பு என்று விளாவினால்தான் எனக்குக் குளித்த மாதிரி இருக்கும். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பாத் டப்புக்குள் பக்கெட்டும் மக்கும் வைத்திருக்கும் வீடு நம்முடையது. உன் நண்பர்கள் ராத்திரி தங்க வரும் நாட்களில் நீ அந்தப் பக்கெட்டை என் அலமாரிக்குள் ஒளித்து வைப்பாய். நான் தேடி எடுத்துத் திரும்பவும் டப்பில் வைப்பேன். உன்னைச் சங்கடப்படுத்த வேண்டும் என்றே வைத்தேன், இப்போது ஒப்புக்கொள்வதில் நஷ்டமில்லை.

டேங்க் வைத்த மறு வாரமே எனக்குக் குறை வந்துவிட்டது. தண்ணீர் காயவில்லை. கால் பக்கெட் பச்சைத் தண்ணீர் விடும் இடத்தில் ஒரு சொம்பு விட்டாலே ஆறிப்போன மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். “நல்லாத்தானுங்க காயுது. பாத்திரம் கழுவையில கை வெக்க முடியல” என்றாள். உனக்கு எல்லாமே சூடுதான், போன ஜென்மத்தில் எஸ்கிமோவாக இருந்திருப்பாய் என்று கிண்டல் செய்தேன். ஃபிராங்கைக் கூப்பிட்டேன். வந்து, குழாயைத் திறந்து, தெர்மாமீட்டரைப் பிடித்து, எண்ணைக் காட்டினார். அந்தத் தெர்மாமீட்டரை யாராவது சரிபார்த்தார்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். திரும்பவும் கூப்பிட்டேன், திரும்பவும் வந்தார், திரும்பவும் அதே எண். மறுபடி நான் ஃபோனை எடுத்தபோது அம்மா சொன்னாள், “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம், அந்தக் கதையா இருக்குது உங்களோட.” கேலியாகத்தான் சொன்னாள். உள்ளதைச் சொல்கிறோம் என்று அவளுக்கும் தெரியாது.

என் உத்தியோகம் அப்படி. வேலை பார்த்த காலம் முழுக்க சாஃப்ட்வேர் டெஸ்டிங். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து அடுத்தவன் தலையில் கட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். புரோகிராம் எழுதியவன் ‘என் மெஷினில் சரியாகத்தான் ஓடுகிறது’ என்பான், நான் விடமாட்டேன். கோளாறு சோதிக்கிறவன் பக்கம் இருக்கலாம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஆகவே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, ஃபிராங்க் தொடாதே என்ற வால்வின் மூடியைக் கழற்றித் திருகினேன். நாலு நாள் திருப்தி. பிறகு மறுபடியும் ஆறின மாதிரி இருந்தது. டேங்க்கின் சூட்டுக்கான திருகையும் மேலே ஏற்றினேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்தக் குழாயாக இருந்தாலும் முதலில் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அப்புறம் வெந்நீரைத் திறக்கப் பழகிக்கொண்டாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் ரப்பர் கையுறை வந்தது. புது சோப்பு கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

கண்ணு, என் கைகளுக்குச் சூடு தெரியாமல் போனது அம்மா முதுகு வெந்த அன்றைக்குத்தான் ஆரம்பித்ததா என்று நீ கேட்பாய். இல்லை. எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கிற காபியை அம்மா துணியால் பிடித்து எடுத்து வருவாள், நான் வெறும் கையால் வாங்கிக்கொள்வேன். பார்த்தாயா, வைரம் பாய்ந்த கை என்று பெருமை வேறு. பாக்கெட்டில் சாவி இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியாமல் எடுத்துக் கண்ணால் பார்ப்பேன். சர்க்கரை வியாதிக்காரன் வருஷா வருஷம் கால் டாக்டரிடம் போக வேண்டும் என்று நீதான் விரட்டுவாய், நானும் போனேன். அவர் மெல்லிய நைலான் இழை ஒன்றை வைத்திருப்பார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளங்காலில் அங்கங்கே தொடுவார், தெரிந்தால் ‘யெஸ்’ சொல்ல வேண்டும். நான் கண்ணை முழுசாக மூடவில்லை. அவர் தோள் அசைகிற போதெல்லாம் ‘யெஸ்’ என்றேன். ‘வெரி குட்’ என்று எழுதிக்கொண்டார். ஊரார் எழுதினதில் எல்லாம் ஓட்டை கண்டுபிடித்தவன், எனக்கு வைத்த பரீட்சையில் காப்பி அடித்துப் பாஸ் பண்ணினேன். வெளியே வந்து உனக்கு ‘ஆல் குட்’ என்று மெசேஜ் வேறு அனுப்பினேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். அம்மாவுக்கு வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் இருந்தது உனக்குத் தெரியும். அதனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் நான்தான் தண்ணீர் ஊற்றிவிடுவேன். டப்புக்குள் பிளாஸ்டிக் முக்காலியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். சீயக்காய் கண்ணில் விழாமல் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சூடு ஒத்தடம் தோளுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். கையை விட்டுக் கலக்கினேன். இதமாக இருந்தது. “பொறுக்கற சூடுதானுங்களே?” என்று கேட்டாள். “பச்சப் புள்ளைக்கே ஊத்தலாம்” என்றேன். ஒரு மக் நிறைய மொண்டு அவள் வலது தோள்மேல் ஊற்றினேன்.

அவள் போட்ட சத்தத்தை எழுதத் தெரியவில்லை. ஏதோ வலிப்பு வந்துவிட்டது, இல்லை தோளெலும்பு முறிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தண்ணீர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் தேடித் தடவுகிறாள், நான் “என்னாச்சு, என்னாச்சு” என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். முதுகு சிவந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. பக்கெட்டிலிருந்து ஆவி எழும்புவதும் தெரிகிறது. அப்போதும் கையை மறுபடி உள்ளே விட்டுப் பார்த்தேன், இதமாகத்தான் இருந்தது. முக்காலி புரண்டு, நான் தடுமாறி, சட்டையோடு பக்கெட்டின் மேல் சாய்ந்தபோது என் முழங்கை தண்ணீருக்குள் போனது. சுரீரென்று உயிர் போய்விட்டது. முழங்கைக்குத் தெரிந்தது உள்ளங்கைக்குத் தெரியவில்லை. அந்த நொடியில்தான், கண்ணு, கோளாறு டேங்க்கில் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அம்மா டப்பில் நடுங்கிக்கொண்டிருந்தாள், நான் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளைத் தூக்குவதற்கு முன்னால் என் கையைத்தான் பார்த்தேன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் எப்படி ஆனது என்று நர்ஸ் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, நியூ டேங்க், சடன்லி ஹாட் வாட்டர் கேம் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவு வலியிலும் அவ்வளவு வேகமாக எப்படி வந்ததோ. நான் அவள் ஹேண்ட்பேகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருத்தவில்லை. சாயங்காலம் வீடியோவில் உன்னிடமும் அதையே சொன்னாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, “திஸ் கை ஷுட் லூஸ் ஹிஸ் லைசென்ஸ்” என்றாய். அப்போதும் நான் திருத்தவில்லை. ஃபிராங்க் வந்து பார்த்தார். வால்வின் மூடி கழன்று கிடப்பதைக் கையில் எடுத்து, யாராவது திருகினீர்களா என்று கேட்டார். அம்மா இல்லை என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பாய்லரைப் பார்த்தேன்.

போன வாரம் அவருக்கு ஃபோன் பண்ணி நானே உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. ‘உங்கள் மனைவி எப்படி இருக்கிறார்?’ என்றுதான் கேட்டார். வந்து எல்லாவற்றையும் பழைய அளவுக்கு இறக்கி, மூடியின் மேல் ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சாவி அம்மாவிடம் இருக்கிறது. இப்போது பக்கெட்டில் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்துத்தான் குளிக்கிறேன். அம்மாவின் முதுகு ஆறிக்கொண்டு வருகிறது, தோல் மட்டும் நிறம் மாறியிருக்கும் என்கிறார்கள். நரம்பு டாக்டரிடமும் போனேன். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டேன். காலில் முழங்கால் வரைக்கும், கையில் மணிக்கட்டு வரைக்கும் சர்க்கரையால் உணர்ச்சி போய்விட்டது என்றார். போனது திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள் என்றார். அன்றைக்கே கார் சாவியைக் கொடுத்துவிட்டேன். இனிமேல் கோயிலுக்கும் ஓக் ட்ரீ ரோடு கடைகளுக்கும் அம்மா ஓட்டுவாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போடச் சொல்லிக்கொண்டே வருவேன், அந்தச் சுகமாவது மிஞ்சட்டும்.

உனக்கும் என் ரத்தம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள். டாக்டர் கண்ணை மூடச் சொன்னால் மூடு. இதைவிடப் பெரிய புத்திமதி ஒன்று இருக்கிறது, அதை உனக்குச் சொல்லும் யோக்கியதை எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. உன் வீட்டில் நிவேதா எதற்காவது சத்தமில்லாமல் பழகிக்கொள்ள ஆரம்பித்தால் விட்டுவிடாதே. கையுறை எதற்கு என்று கேள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள், ஒரு பெரிய சண்டை வந்திருக்கும், நான் ரெண்டு நாள் சாப்பிடாமல் உர்ரென்று இருந்திருப்பேன். அவள் முதுகு தப்பியிருக்கும்.

இவ்வளவையும் இப்போது எதற்காக எழுதுகிறேன் என்றால், நிவேதா வயிற்றில் இருக்கும் பாப்பாவுக்காக. நீ பிறந்தபோது நல்ல பிப்ரவரிக் குளிர். சென்னை கான்சுலேட்டில் இரண்டு பாட்டிகளுக்கும் விசா மறுத்துவிட்டார்கள். அம்மாவுக்குத் தையல் போட்டிருந்தது, குனிய முடியாது. ஆகவே உன்னைக் குளிப்பாட்டியது நான். காலிங் கார்டு போட்டு ஊருக்குப் பேசி, எப்படிச் செய்வது என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டு, பேண்ட்டைச் சுருட்டிவிட்டு டப்புக்குள் கால்களை நீட்டி உட்கார்ந்து, உன்னை முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டேன். முதல் நாள் நீ வீறிட்டு அழுதாய், பயத்தில் நானும் அழுதேன். ஒரு வாரத்தில் நீ என் கால்மேல் ஒன்றுக்குப் போய்விட்டு நிம்மதியாகக் கிடக்கப் பழகிவிட்டாய். குளித்ததும் என் தோளில் சாய்ந்து நாலு மணி நேரம் தூங்குவாய். எத்தனையோ வேலை பார்த்தேன், எல்லாவற்றிலும் யாராவது ஒரு குறை சொன்னார்கள். அந்த ஒரு வேலையை மட்டும் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. அம்மா எடுத்த ஃபோட்டோவை நீ நிவேதாவுக்குக் காட்டியிருக்கிறாய். அவள் கூப்பிட்டு, “மாமா, நம்ம பாப்பாவையும் நீங்கதான் குளிப்பாட்டணும், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள். அம்மாவின் முதுகுக் கட்டை அப்போது இன்னும் பிரித்திருக்கவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, “சரிம்மா, கண்டிப்பா” என்றேன். ஃபோனை வைத்துவிட்டு கராஜுக்குள் போய் அழுதேன். அந்த அழுகையில் சந்தோஷமும் இருந்தது என்பதை நீ நம்ப வேண்டும்.

உனக்கு எழுதப் போகிறேன் என்றதும் அம்மா விடவில்லை. “எதுக்குங்க இப்பச் சொல்லோணும்? புள்ள பொறக்கற நேரத்துல அவனுக்கு இந்தக் கவல வேற வேணுமா?” என்றாள். குளிப்பாட்டச் சொல்கிறார்களே, என்ன செய்வது என்று கேட்டேன். “நான் கூடவே நிக்கறன். தண்ணியத் தொட்டுப் பாத்து நான் குடுக்கறன், நீங்க ஊத்துங்க. ஆருக்கும் தெரியாது” என்றாள். “அன்னிக்கும் நீ கூடத்தான இருந்த. உன் முதுகுலதான ஊத்தினேன்” என்றேன். அம்மா அழுதாள். “இது தெரிஞ்சா அடுப்புப் பக்கம் உடமாட்டான். புள்ளையத் தூக்க உடமாட்டான். உங்கள ஒரு மூலையில உக்கார வெச்சிருவானுங்க. அத நான் எப்படிப் பாப்பேன்?” என்றாள். அவள் பொய் சொன்னது டேங்க் மேல் பழி போட அல்ல, என்னை மூலையில் உட்காராமல் காப்பாற்ற. எனக்கும் அந்த மூலையை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் அவளுக்குத் தெரிந்துதான் வருகிறது, அவள் சம்மதித்து அல்ல. அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

அடுத்த மாதம் நெவார்க்கில் ப்ளேன் ஏறி உன் வீட்டுக்கு வருகிறோம். பாப்பாவைக் குளிப்பாட்ட வேண்டியவன் நீ. காலை நீட்டி உட்கார்ந்து நீயே போட்டுக்கொள், நிவேதா தண்ணீர் ஊற்றட்டும், அம்மா சொல்லிக் கொடுப்பாள். நான் துண்டை வைத்துக்கொண்டு கதவோரம் நிற்கிறேன், துடைத்ததும் என்னிடம் கொடு. அது எனக்குப் போதும் என்று இன்றைக்கு இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பாப்பா வீறிட்டு அழும், நீ தடுமாறுவாய், என்னால் பொறுத்துக்கொண்டு நிற்க முடியாது. “தள்ளு, உனக்குத் தெரியல, இங்க குடு” என்பேன். பக்கெட்டில் கையை விட்டுப் பார்த்து, தண்ணீர் சரியாக இருக்கிறது என்று அடித்துச் சொல்வேன். உன் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன், கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாமல். அப்போது நான் கோபித்துக்கொண்டாலும் சரி, அழுதாலும் சரி, நீ மறுத்ததற்காக ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டினாலும் சரி, பாப்பாவை என் கையில் கொடுக்காதே.

அப்பா